ஆள் இல்லை

கூரியர்க்காரன் கதவிடுக்கில் செருகிப்போன சீட்டில்
'ஆள் இல்லை' என்று எழுதியிருந்தது.
கீழே நேரம்: பகல் 11.40.
அப்போது நான் உள்ளேதான் இருந்தேன்,
மின்விசிறிக்கு நேர் கீழே,
வாய் திறந்தபடி.

வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்த டீச்சரும்
மூன்று முறை தட்டிப் பார்த்துவிட்டு
என் பெயருக்கு நேரே ஒரு கேள்விக்குறி போட்டுப் போனாராம்.
எதிர்வீட்டம்மா சொன்னாள்.
சொல்லும்போது கண்ணைச் சுருக்கினாள்,
நான் யாரென்று அவளுக்கும் சரியாகப் பிடிபடவில்லை.

வண்டிப்பாளையத்தில் இந்த வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம்.
சிப்காட்டில் எனக்கு எப்போதும் நைட்,
கேட்டு வாங்கியது, ராத்திரிப் படிக்காக.
ஏழேகாலுக்கு கம்பெனி பஸ்.
பிள்ளைகள் அப்போது டியூஷனில்,
ராஜகுமாரி லாரன்ஸ் ரோட்டு ஜவுளிக்கடையில்
பில் போட்டுக்கொண்டிருப்பாள்.
ஞாயிற்றுக்கிழமை இரட்டைச் சம்பளம், அதையும் விடுவதில்லை.
காலையில் நான் பஸ்ஸிலிருந்து இறங்க
அவள் ஸ்கூட்டரில் தெருமுனை திரும்ப
எங்கள் இல்லறம் அங்கே ஒரு நிமிஷம் நடக்கும்:
'கேஸ் புக் பண்ணியாச்சா?'
'சாம்பார் மூடி வெச்சிருக்கேன்.'
பிறகு அவள் தலையணையில் ஒட்டிய ஒற்றை முடியோடு
நான் படுத்துக்கொள்வேன்.

என்மேல் ஒரு வாசனை உண்டாம்,
அழுகின முட்டைகோஸ் மாதிரி.
எனக்கு அது தெரிவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது.
கொடியில் கிடக்கும் துண்டை மோந்துவிட்டு
லோகித் சொல்வானாம்,
'அப்பா வந்துட்டுப் போயிருக்கு.'

பழைய நகர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது படிக்கும்போது
சோணாங்குப்பத்து நாகமுத்து
அவன் அப்பாவோடு கடலுக்குப் போகிற நாளெல்லாம்
அவன் பெயருக்கும் நானே
குரலைத் தடிப்பாக்கி 'உள்ளேன் ஐயா' என்பேன்.
எனக்கு அம்மை போட்ட மூன்று வாரமும்
கடல் சரியில்லாமல் அவன் ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தான்.
எனக்காக வாய் திறக்கத்தான் அவனுக்குத் தோன்றவில்லை.
வருஷக் கடைசியில் வருகைப் பதிவேட்டில்
அவன் என்னைவிட அதிக நாள் இருந்திருந்தான்.

போன புதன்கிழமை பாய்லரில் ஏதோ கசிந்து
பச்சையாங்குப்பத்திலேயே பஸ்ஸைத் திருப்பிவிட்டார்கள்.
எட்டரைக்கு வீட்டுக்குள் நுழைகிறேன்,
ஒரு சிரிப்பு பாதியில் நின்றது.
உட்காரலாம் என்று நான் பார்த்த மூலையில்
தர்ஷிகாவின் சைக்கிள்.
ராத்திரியில் அது அங்கேதான் நிற்குமாம்.
'தள்ளி வெக்கட்டாப்பா?'
'பரவாயில்ல, இருக்கட்டும்' என்றேன்.
முதல்முறை வந்த வீட்டில் சொல்வதுபோலவே வந்தது.

அவர்கள் சாப்பிட உட்காருவதற்கு ஒரு வரிசை இருக்கிறது.
யார் தண்ணீர் மொள்வது, ரிமோட் யாரிடம்,
முறுகல் தோசை யாருக்கு,
லோகித் காலை நீட்டினால் தர்ஷிகா எங்கே கிள்ளுவாள்,
எல்லாம் பேசாமலே நடக்கிறது.
நான் இல்லாத இடத்தில்
ஒரு பள்ளமாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன்.
யாரும் எதிலும் தடுக்கி விழவில்லை.

அப்போது கரண்ட் போனது.
இருட்டில் ராஜகுமாரி எண்ணினாள்,
தினமும் எண்ணுவாள்போல.
'தர்ஷி?'
'ம்.'
'லோகித்து?'
'இங்கதான்மா.'
அவ்வளவுதான், கணக்கு சரியாக வந்துவிட்டது.
நான் மூச்சை இழுத்து
குரலைத் தடிப்பாக்கி
வாயைத் திறக்க

கரண்ட் வந்துவிட்டது.

திறந்த வாயோடு நிற்கிற என்னை
அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பிறகு ஃபிரிட்ஜைத் திறந்து
மாவுப் பாத்திரத்தைச் சாய்த்து
அடிவரைக்கும் எட்டிப் பார்த்து
'நாலு பேருக்கு வராதே' என்றாள், மாவிடம் சொல்வதுபோல.
கரண்டியால் ஒருமுறை கலக்கினாள்.
'தண்ணி கொஞ்சம் ஊத்திக்கலாம்.'